கூரைக்கு அடியில் பதினோரு பெட்டி

அத்தியாயம் 14

செக்கரை நாம் போன வாரம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தோம். கையில் காலி டம்ளர், காது முழுக்க அண்ணியின் போன் பேச்சு. ஒரு வாரமாகப் பாவம் அங்கேயே நின்றிருப்பாளோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கேட்டு முடித்ததும் சத்தமில்லாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் கேட்டது மூன்றே பேச்சு. “ஒரே ஒரு ஆள்தான்.” “ஆமா, பாத்ரூம் சேர்ந்த ரூம்.” “மாசக் கடைசின்னா சரியா இருக்கும்.”

இந்த வீட்டில் பாத்ரூம் சேர்ந்த அறை ஒன்றே ஒன்றுதான். கார் ஷெட்டை ஒட்டிய பின் அறை. அதில் இருப்பது செக்கர்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். செக்கர் நகரப் பேருந்துகளில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்கிறவள். வயது முப்பத்தொன்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், புருஷனோடு இனி ஒத்துவராது என்று முடிவான அன்று, பதினான்கு உருப்படி சாமானோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாதம் என்றுதான் வந்தாள். அந்தப் பதினான்கும் ஷெட்டை அடைத்துக்கொள்ள, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அண்ணனின் கார் தெருவுக்குப் போனது. தெருவில் நின்ற காரை யார் யாரோ உரசினார்கள். கடைசியில் அண்ணன் ஷெட்டின் கூரைக்கு அடியில் வீணாகக் கிடந்த இடத்தில் பரண் போட முடிவெடுத்தான். பத்து நாளாக அந்த வேலைதான் நடக்கிறது.

இன்னொன்று. நாலு முறை வீடு மாறிய குடும்பம் இது. ஒரு முறை அண்ணனின் லைசென்ஸ் காகிதங்கள் மகளின் பொம்மைப் பெட்டிக்குள் போய் மூன்று மாதம் கிடைக்காமல் போனதிலிருந்து, ஆளுக்கொரு நிற டேப் என்று அண்ணன் சட்டம் போட்டிருக்கிறான். அவனுக்கு நீலம், அண்ணிக்குச் சிவப்பு, ஹாஸ்டலில் படிக்கும் மகளுக்குப் பச்சை. தங்கை வந்து இறங்கிய அன்றே கடைக்குப் போய் மஞ்சள் வாங்கி வந்தான். மஞ்சள் டேப் ஒட்டியதை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் உட்பிரிவு.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

காலையில் ஒரு பஸ்ஸில், மீசை வைத்த ஒரு ஆள் செக்கரிடம் நேற்றைய டிக்கெட்டை நீட்டினார். செக்கர் அதை வாங்கிப் பார்த்தாள். “சரி” என்று திருப்பிக் கொடுத்தாள்.

கண்டக்டர் வாயைப் பிளந்தார். டிக்கெட் எடுக்காதவனைப் படியில் ஏறும்போதே கண்டுபிடிக்கிற பெண் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவன், தூங்குகிறவன், திடீரென்று பக்கத்து ஆளோடு உறவு கொண்டாடுகிறவன், யாரும் அவளிடம் தப்பியதில்லை.

“உடம்பு சரியில்லையா மேடம்?” என்றார் கண்டக்டர்.

“தலைவலி” என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் இருந்தாள்.

நேராக ஷெட்டுக்குப் போனாள்.

“யாரது, வெளிச்சத்தை மறைக்கிறது?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. தச்சு வேலைக்காரர். அவர் பெயர் என்னவோ, ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ரெண்டு நூல்’. எந்தப் பலகையில் அளவு டேப்பை வைத்தாலும் “ரெண்டு நூல் இடிக்குது” என்பார், அதாவது கால் அங்குலம் தவறுகிறது என்று. அடுத்தவன் செய்த வேலை என்றால் நாலு நூல் இடிக்கும்.

“நான்தான். வேலை எந்த மட்டுல இருக்கு?”

“பலகை போட்டாச்சுக்கா. ஏணி மாட்டியாச்சு. சாமானும் ஏத்தியாச்சு. ஏறுற வழிக்குக் கதவு மட்டும் பாக்கி. வாங்கின கீல் ரெண்டு நூல் இடிக்குது, போய் மாத்திட்டு வரணும்.”

ஷெட் சுவரில் சாக்பீஸால் பெரிய கட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு எண்.

“இது என்ன?”

ரெண்டு நூல் இறங்கி வந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பத்து நாளாகக் காத்திருந்தார் என்று தோன்றியது. “எந்தப் பொட்டி எங்க இருக்கணும்னு கணக்கு. பரண்ங்கிறது உங்க பஸ் மாதிரிதான்க்கா. எல்லாரும் நடுவுலயே நின்னா என்ன ஆகும்? கனமானது சுவரோரம், லேசானது நடுவுல. எடை பாக்காம ஒரு பொட்டியையும் நான் மேல ஏத்த மாட்டேன்.” மூலையில் கிடந்த எடை மெஷினைக் காலால் தட்டிக் காட்டினார். “எழுத்து, உங்க வீட்டு டேப்புக் கலரு. நம்பரு, கிலோ.”

செக்கர் எண்ணினாள். அவளுக்கு எண்ணாமல் இருக்க வராது. நீலம் ஐந்து. பச்சை நாலு. சிவப்பு இரண்டே இரண்டு. மஞ்சள் இருபத்தைந்து.

மறுபடி எண்ணினாள்.

“மஞ்சள் இருபத்தஞ்சா?”

“ஆமா.”

“என் சாமான் பதினாலுதான்.”

“அம்மா எழுதிக் குடுத்த லிஸ்ட்ல இருபத்தஞ்சுக்கா. பதினொண்ணு புது டேப்பு. நேத்துக் காலைல நான் வர்றப்பவே கீழ அடுக்கி இருந்துச்சு. நல்ல கனம். ஒண்ணொண்ணும் பதினெட்டு, இருவது கிலோ.”

செக்கர் மஞ்சள் கட்டங்களை விரலால் தொட்டு மூன்றாம் முறையும் எண்ணினாள்.

“வேற ஏதாவது சொன்னாங்களா, அண்ணி?”

“என்ன சொல்லப் போறாங்க? போன செவ்வாய்க்கிழமை உங்க ரூமை அளக்கறப்பகூட ஒண்ணும் பேசலையே.”

“என் ரூமை எதுக்கு அளந்தீங்க?”

ரெண்டு நூல் தலையைச் சொறிந்தார். அம்மா சொன்னாங்க, அளந்தேன் என்றார். அளக்கச் சொன்னால் அளப்பது அவர் தர்மம். காரணம் கேட்பது அவர் தொழில் இல்லை.

செக்கர் தன் அறைக்கு ஓடினாள். அலமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஹேங்கர்களைக்கூட எண்ணினாள், பதினேழும் இருந்தன. கம்பளி, சூட்கேஸ், இஸ்திரிப் பெட்டி, பழைய ஆல்பம், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. ஒன்றும் குறையவில்லை. குறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சாமான் இல்லை என்றால் அந்தப் பதினொன்றும் யாருடையது?

சந்தேகத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். செக்கர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்தாள். ஒரே ஒரு ஆள். பாத்ரூம் சேர்ந்த ரூம். மாசக் கடைசி. அறையை அளந்தாயிற்று. வரப்போகிற ஆளின் சாமான் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. அதிலும் மஞ்சள் டேப் ஒட்டி, தன் பெயரிலேயே! அண்ணியின் சாமான் மட்டும் இரண்டே பெட்டியாம். இருக்காதா பின்னே, அவளுக்கென்ன, வீடு முழுக்க அலமாரி.

இந்த வீட்டை விட்டால் செக்கருக்குப் போக வேறு வீடு இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இப்போதுதான். அழுகை வந்தது. அழுதால் முகம் வீங்கும், அண்ணி கண்டுபிடித்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் தெருவில் ஹாரன் கேட்டது. இரண்டு பிரேக் வைத்த அந்தக் கார் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வேர்த்துக் கொட்டியபடி, கார் கற்றுக்கொள்ளும் வங்கி அதிகாரி ஒருவர். அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு அண்ணன் இறங்கி வந்தான்.

“பாப்பா! என்ன, இந்த நேரத்துல வீட்ல இருக்க?”

முப்பத்தொன்பது வயதுப் பாப்பா இடுப்பில் கை வைத்து நின்றாள். “அண்ணே, நம்ம வீட்டுக்கு யாராவது வரப்போறாங்களா?”

“வரப்போகுதே! சாயங்காலம் கார் வரப்போகுது. ரெண்டு வருஷம் கழிச்சு உள்ள வரப்போகுது.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான்.

“விளையாடாதீங்க. என் ரூமை எதுக்கு அளந்தாங்க?”

“உன் ரூமையா? யாரு அளந்தது?” அண்ணன் அவள் கண்ணையே பார்த்துக் கேட்டான். “எனக்குத் தெரியாதே. உங்க அண்ணியைத்தான் கேக்கணும். ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஆங், நல்ல வேளை, நீ இருக்க. பரண் லைட்டுக்கு ஸ்விட்ச் எங்க வைக்கலாம்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீ சொல்லு.”

“ஏணிப் பக்கத்துல” என்றாள், யோசிக்காமலேயே.

“கேட்டீங்களா? பாப்பா சொன்ன இடத்துல வைங்க!” என்று ஷெட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வங்கி அதிகாரியின் உயிரைக் காப்பாற்ற ஓடினான்.

செக்கர் தொழில்முறைத் தீர்ப்பு ஒன்று எழுதினாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, எச்சில் விழுங்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் அண்ணியின் ஏற்பாடு. பத்து நாளாகத் தன் முகத்தை நேராகப் பார்க்காத அண்ணி.

ரெண்டு நூல் கீல் மாற்றக் கிளம்பிப் போனார். செக்கர் ஏணியில் ஏறினாள்.

பரணில் புதுப் பலகை வாசனை. கூரை இரு பக்கமும் சரிந்து இறங்கியது. நட்ட நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். ஓரத்துக்குப் போக முழங்காலில் தவழ வேண்டும். காற்றுக்காக இரண்டு முக்கோணச் சுவரிலும் துவாரம் விட்டிருந்தார்கள், அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. இடது ஓரத்தில் அவளுடைய பதினான்கு. டேப் வெளுத்து, தூசி படிந்து, பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவற்றை அவள் இரண்டு வருஷமாகப் பிரிக்கவே இல்லை. வலது ஓரத்தில் அந்தப் பதினொன்று. எல்லாம் மருந்து கம்பெனி அட்டைப் பெட்டிகள், பளீரென்ற மஞ்சள் டேப்.

மருந்துக் கடையில் வேலை பார்ப்பது இந்த வீட்டில் அண்ணி ஒருத்திதான்.

சாவியால் டேப்பைக் கீறினாள். மேலே ஒரு வெள்ளைக் கோட்டு, மடித்து வைத்தது. அதன் கீழே தடித்த மருந்தியல் புத்தகங்கள். முதல் பக்கத்தில் அண்ணியின் கையெழுத்து, கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு. ஹால் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தோடு துணியில் சுற்றியிருந்தது. ஹாலில் அந்த இடம் காலியாக இருப்பதை சின்னப் பிள்ளைகூடக் கவனித்திருக்கும். எல்லாரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் செக்கர் கவனிக்கவில்லை.

அடுத்த பெட்டியைக் கீறினாள். அதில் எல்லாம் புதிது. ஒரு சின்ன குக்கர். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. ஒற்றைத் தலையணை உறை.

செக்கர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

“பிரிச்சிட்டியா?”

அண்ணியின் தலை பரண் வாயிலில் தெரிந்தது. மத்தியானம் கடை அடைக்கும் நேரம். வெயிலில் நடந்து வந்த முகம்.

“ஏறி வாங்க அண்ணி” என்றாள் செக்கர். “உங்ககிட்ட கேக்கத்தான் காத்துக்கிட்டிருக்கேன். என் ரூமுக்கு யார் வராங்க?”

“உன் ரூமுக்கா?” அண்ணி ஏறி வந்து, தலை இடிக்காமல் குனிந்து, ஒரு நீலப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். “யாரும் வரலையே.”

“நான் கேட்டேன். போன்ல பேசினீங்க. ஒரு ஆள், பாத்ரூம் சேர்ந்த ரூம், மாசக் கடைசி. ரெண்டு நூல் என் ரூமை அளந்ததும் எனக்குத் தெரியும்.”

“பரணுக்குக் கரண்ட் உன் ரூம் வழியாத்தான் வருது. வயர் எத்தனை அடின்னு பாக்க அளந்தாங்க.” அண்ணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். “போன்ல கேட்டது எனக்கு.”

“எதுக்கு?”

“எனக்கு ஒரு ரூம். நான் ஒரே ஒரு ஆள்.”

ஷெட்டுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். செக்கர் காலையிலிருந்து கோத்து வைத்ததெல்லாம் அறுந்து விழுந்தது.

“ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை கிடைச்சிருக்கு. வேற ஊர். ஒண்ணாம் தேதி சேரணும்” என்றாள் அண்ணி. “கடை குடோன்லதான் இதையெல்லாம் சேத்து வச்சிருந்தேன். ஸ்டாக் வருது, எடுங்கன்னுட்டாங்க. வேற எங்க வைக்கிறது?”

“அதுக்கு எதுக்கு மஞ்சள் டேப்பு?”

“சிவப்பு ஒட்டினா உங்க அண்ணன் பிரிச்சுப் பாப்பார். என்ன இது, எதுக்கு இதுன்னு கேப்பார். மஞ்சள் ஒட்டினா தொட மாட்டார். இந்த வீட்டுல யாரும் தொடாதது உன் சாமான் ஒண்ணுதானே.”

“அண்ணனுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“சண்டையா அண்ணி?”

“சண்டை போட்டாத்தான் தேவலையே. உங்க அண்ணன் நல்லவர். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.” அண்ணி தரையைப் பார்த்துப் பேசினாள். “ஆனா ஹால் திரைக்கு என்ன கலர்னு உன்கிட்ட கேப்பார். பொண்ணை எந்தக் காலேஜ்ல சேக்கிறதுன்னு உன்கிட்ட கேப்பார். இந்த ஏணி எந்தப் பக்கம் இறங்கணும்னு உன்கிட்டதான் கேட்டார். ஸ்விட்ச் ஏணிப் பக்கம் வேண்டாம், சின்னப் பசங்க யாராவது வந்தா போட்டு விளையாடுவாங்க, உள்ள வைங்கன்னு நான் மூணு தடவை சொன்னேன். இப்ப வர்றேன், ரெண்டு நூல் தெருமுனைல பாத்துச் சொல்றாரு, பாப்பா சொன்ன இடத்துல வைக்கச் சொல்லிட்டாங்கம்மா, அப்படின்னு.”

செக்கர் யோசிக்கக்கூட இல்லையே. கேட்டான், சொன்னாள்.

“என்னாலயா போறீங்க?”

“உன்னால இல்ல” என்றாள் அண்ணி. கைக்குட்டையை நாலாக மடித்துவிட்டு, “பொய் எதுக்கு? கொஞ்சம் உன்னாலயும்தான்” என்றாள். “நீ ஒரு தப்பும் பண்ணல. நீ வந்தப்ப உன்னை வான்னு கூப்பிட்டதே நான்தான். ஆனா ரெண்டு வருஷமா நான் இங்க விருந்தாளி மாதிரி இருக்கேன். கேக்குற ஆளும் இல்ல, கவனிக்கிற ஆளும் இல்ல.”

செக்கரால் இப்போது அழுகையை அடக்க முடியவில்லை. தன்னைத் துரத்தப் பார்க்கிறாள் என்று காலையிலிருந்து யாரை மனசுக்குள் திட்டினாளோ, அவள் தன் பட்டச் சான்றிதழைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

“நான் போயிடறேன் அண்ணி. நீங்க இருங்க. இது உங்க வீடு.”

“நீ போனா, உன்னை நான்தான் விரட்டினேன்னு அவர் நினைப்பார். சாகற வரைக்கும் நினைப்பார். அதுக்கு நானே போறது மேல்.” அண்ணி முழங்காலில் நகர்ந்து வந்து, தட்டை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். “பொண்ணுக்கு இந்த வாரம் பரீட்சை. அது முடியட்டும், நானே அவர்கிட்ட சொல்றேன். அதுவரைக்கும் நீ சொல்லாத. எனக்காக இது ஒண்ணு செய்.”

செக்கர் பதில் சொல்வதற்குள் கீழே இரட்டை ஹாரன் அலறியது.

சாயங்காலம்வரை அண்ணனுக்குப் பொறுமை இல்லை. அடுத்த வகுப்பை ஒத்திப் போட்டுவிட்டு வந்துவிட்டான். இரண்டு பெண்களும் அசையாமல் உட்கார்ந்திருக்க, அவர்கள் காலுக்கு அடியில் கார் மெதுவாக, மாப்பிள்ளை அழைப்புபோல மெதுவாக, ஷெட்டுக்குள் நுழைந்தது. புதுப் பலகை லேசாக அதிர்ந்தது. எஞ்சின் நின்றது. கதவு திறந்தது.

“ஆகா! அரை அடி மிச்சம் இருக்கு பாரு!” அண்ணனின் குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது. “மேல யாரு? பாப்பாவா?”

“நான்தான் அண்ணே. அண்ணியும் இருக்காங்க.”

அவன் ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. மூக்குக் கண்ணாடி மேல் வெளிச்சம் பட்டது.

“என்னது, அந்த ஓரமெல்லாம் ஒரே மஞ்சளா இருக்கு? இவ்வளவு ஏது? புதுப் பொட்டி மாதிரி இருக்கே. யாரோடது அதெல்லாம்?”

ஒரு கால் ஏணியின் முதல் படியில் ஏறியது. கீறிய பெட்டி இரண்டும் திறந்தபடி கிடந்தன. வெள்ளைக் கோட்டின் ஒரு கை வெளியே தொங்கியது. அண்ணி செக்கரைப் பார்த்தாள்.

செக்கர் அண்ணனிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. புருஷனை விட்டு வந்த அன்றுகூட நடந்ததை ஒன்று விடாமல் சொன்னவள். உண்மையைச் சொல்லிவிட்டால் அண்ணன் பதறியடித்து ஏறி வருவான், அண்ணியைத் தடுத்து நிறுத்துவான். நிறுத்தத்தானே வேண்டும்? ஆனால் எதைச் சொல்லி நிறுத்துவான்?

“என்னோடதுதான் அண்ணே” என்றாள்.

ஏணியிலிருந்த கால் இறங்கியது.

“அப்பச் சரி” என்றான் அண்ணன். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

“பாத்தியா?” என்றாள் அண்ணி, செக்கருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு குனிந்து, வெளியே தொங்கிய கோட்டின் கையை எடுத்து உள்ளே மடித்து வைத்தாள்.